காவலரை விசாரிப்பவர் யார்?

கூஃபா நகர மக்கள் தம் ஆளுநர் ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) மீது கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் முறையிட்ட செய்தி ஸஹீஹுல் புகாரீயில் இடம்பெற்றுள்ளது. தொழுகையைக்கூடச் செம்மையாக நடத்துவதில்லை என்பதும் அம்முறையீட்டில் அடக்கம். கலீஃபா அவரைப் பதவியினின்று விலக்கினார். அழைத்து விளக்கம் கேட்டார். பின்னர்த் தம் ஆட்களை அவருடனேயே கூஃபாவுக்கு அனுப்பினார். அவர்கள் பள்ளிவாசல்தோறும் சென்று மக்களிடம் வினவினர். எங்கும் நற்சான்றே கிடைத்தது. பனூ அப்ஸ் பள்ளியில் ஒருவர் மட்டும் எழுந்து, ஸஅத் (ரலி) முன்னிலையிலேயே, மூன்று குறைகளைக் கூறினார். அவரை நீக்கியது இயலாமைக்காகவோ மோசடிக்காகவோ அன்று எனத் தம் இறுதி நாளில் உமர் (ரலி) அறிவித்தார்.

விசாரித்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். விசாரிக்கப்பட்டவருக்குத் தெரியாமல் எதுவும் நடைபெறவில்லை. இவ்விரண்டுமே நமக்கு முக்கியம். ஹிஜ்ரி 450இல் மறைந்த இமாம் மாவர்தி, மழாலிம் மன்றத்தின் பணிகளுள் முதலாவதாக, குடிகள்மீது அதிகாரிகள் வரம்பு மீறுவதை ஆராய்தலை வைக்கிறார். அதற்கு முறையீட்டாளர் வரவேண்டும் என்றுகூட அவர் நிபந்தனை இடவில்லை.

பிரகாஷ் சிங் வழக்கில் 22.9.2006 அன்று உச்சநீதிமன்றம் மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் காவல்துறைப் புகார் ஆணையங்களை அமைக்கப் பணித்தது. மாவட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவராதல் வேண்டும். துணைக் கண்காணிப்பாளர் நிலை வரையிலான காவலர்மீது எழும் புகார்களை அது விசாரிக்கும். தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ மாவட்ட ஆட்சியரைத் தலைவராக்கி, காவல் கண்காணிப்பாளரையும் உறுப்பினராக்கியது. மதுராந்தகத்தில் அடிபட்ட ஒருவர் இச்சட்டப்படி செங்கல்பட்டுக்குச் சென்றால், அவரை அடித்தவரின் மேலதிகாரியே அங்கு அமர்ந்திருப்பார். இதனை வெளியார் கண்காணிப்பு என்று நம்மால் அழைக்க இயலவில்லை.

காவலரின் உரிமையைப் பேசினாலே மக்களுக்கு எதிரானது என்று கருதுவோர் நம்மிடையே உளர். அரசியல் சாசனத்தின் 311ஆம் பிரிவு, சில விலக்குகள் நீங்கலாக, குற்றச்சாட்டைத் தெரிவித்து விளக்கமளிக்க வாய்ப்புத் தராமல் அரசு ஊழியரைப் பதவிநீக்கம் செய்வதைத் தடுக்கிறது. தமக்கெதிராகத் தாமே சாட்சியளிக்குமாறு குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தலாகாது என்னும் 20(3) காவலருக்கும் உரியதே. அவசரத்தில் இவற்றைத் தாண்டினால் பயனடைபவர் தவறிழைத்த காவலரே: அத்தண்டனை நீதிமன்றத்தில் நிற்காது.

உண்மையுரைக்கும் காவலருக்கும் பாதுகாப்பு வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் சித்திரவதைக்குப் பின் இறந்தபோது, நீதித்துறை நடுவரிடம் நடந்ததைச் சொன்னவர் அந்நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவரே. அவருக்குப் பாதுகாப்பளிக்கச் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது.