எலிவால் எப்படிக் குதிரைவால் ஆகும்?

பிள்ளையின் ஆண்டு விழா நாடகத்துக்கு விக் வாங்கியாச்சா? விரித்துவிட்டால் புசுபுசுவென்று இருக்கிற அந்த முடி, குதிரைவாலாகக் கட்டியதும் எலிவாலாகிவிடுகிறதே, ஏன் தெரியுமா?

நம் தலையில் முடி எங்கும் நெருக்கமாக முளைக்கிறது. பெரும்பாலான விக்குகளிலோ முடியை வரிசை வரிசையாகத் தைத்திருப்பார்கள். வரிசைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். மொத்தமாக அள்ளித் தூக்கிக் கட்டினால், வாலும் மெலிந்துபோகும், பிடரிப் பக்கம் தையலும் எட்டிப் பார்க்கும்.

ஒப்பனைக்காரர்கள் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். முடியை மேல்பாதி, கீழ்பாதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். கீழ்பாதியைத் தாழ்வாக ஒரு வாலாகக் கட்டுங்கள். மேல்பாதியை அதற்குச் சற்று மேலே இன்னொரு வாலாகக் கட்டுங்கள். மேல்வால் சரிந்து விழுந்து கீழ்வாலை மூடிக்கொள்ளும். பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே வால்தான். ஆனால் நீளமும் அடர்த்தியும் கூடித் தெரியும்! இன்னும் உப்பலாக வேண்டுமா? மேல்வாலுக்கு அடியில் சின்னதாக ஒரு சவுரியைச் செருகிவிடுங்கள்.

ஒன்றே ஒன்றில் கவனம். சாதாரணச் செயற்கை முடி விக் என்றால் சூடான அயர்ன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். முடி சுருளாது, உருகிவிடும்!