மின்சாரம் எடுத்த நீரில் சத்துக் குறையுமா?

அணைக்கட்டில் மின்சாரம் எடுத்த பிறகு வெளிவரும் நீரில் சத்து இருக்காது, அதைப் பாய்ச்சினால் பயிர் செழிக்காது என்று சொல்பவர்களை நீங்கள் சந்தித்திருக்கலாம். தயிரைக் கடைந்து வெண்ணெயை எடுத்துவிட்டால் மோர்தானே மிஞ்சும்? நீரும் அப்படித்தான் என்பது அவர்கள் வாதம்.

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் கேள்வி நல்ல கேள்விதான். மின்சாரம் வெறுமையிலிருந்து பிறப்பதில்லை. நீரிடமிருந்து ஏதோ ஒன்றை எடுத்துத்தான் ஆகவேண்டும். அது எது?

எடுப்பது உயரத்தை

ஒரு குடம் நீரை மாடிக்குச் சுமந்து செல்லுங்கள். மூச்சு வாங்கும். நீங்கள் செலவிட்ட ஆற்றலில் ஒரு பகுதி, அந்த நீரில் நிலை ஆற்றலாகச் சேர்ந்திருக்கிறது. நீரைக் கீழே கொட்டினால் அது இயக்க ஆற்றலாக மாறுகிறது. விழும் நீர் டர்பைன் எனப்படும் சுழலியைச் சுற்றுகிறது, சுழலி ஜெனரேட்டரைச் சுற்றுகிறது, மின்சாரம் கிடைக்கிறது.

மலைமேல் நீரைச் சுமந்து ஏற்றியது யார்? சூரியன்! கடல் நீரை ஆவியாக்கி, மேகமாக்கி, மழையாக மலையில் இறக்கிவைப்பது அதன் வெப்பமே. அந்த உயரத்தைத்தான் மின்நிலையம் எடுத்துக்கொள்கிறது. நீரில் கரைந்துள்ள உப்புகளில் எதையும் சுழலி பிரித்தெடுப்பதில்லை.

ஒரு சிறு கணக்கு

ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல் ஆற்றலாகும். 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீரைக் கொண்டு இதைப் பெற ஏறத்தாழ 9,200 லிட்டர் வேண்டும். 900 மீட்டர் உயரமானால் சுமார் 410 லிட்டரே போதும். இயந்திரங்களில் ஏற்படும் இழப்பை இங்கே சேர்க்கவில்லை.

நீலகிரியில் 1932-இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா மின்நிலையம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அங்கே 900 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய்கள் வழியே நீர் இறங்குகிறது. இத்தனை உயரம் இறங்கும் நீர், குழாய் முனையில் மணிக்கு 450 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பீறிட வல்லது. அது பெல்ட்டன் சக்கரத்தின் கிண்ணங்களில் மோதித் திரும்புகிறது. கிண்ணங்கள் நீரின் வேகத்தில் ஏறத்தாழப் பாதி வேகத்தில் ஓடுமாறு அமைப்பார்கள். அப்போதுதான் நீர் தன் வேகத்தை முழுவதும் கொடுத்துவிட்டு, சோர்ந்து கீழே விழும்.

மேட்டூரிலோ உயரம் குறைவு, நீர் மிகுதி. பாசனத்திற்காகத் திறக்கப்படும் காவிரி நீரே சுழலிகளைச் சுற்றிவிட்டு வயலுக்குப் போகிறது. ஒரே நீர் இரண்டு வேலை செய்கிறது.

உயரத்தைத் திருப்பிக் கொடுக்கலாம்

எடுத்தது உயரம் மட்டும்தான் என்றால், அதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியவேண்டும் அல்லவா? ஆனைமலைப் பகுதியிலுள்ள கடம்பாறையில் இதுவே நடக்கும்படி அமைத்திருக்கிறார்கள். மேலே கடம்பாறை நீர்த்தேக்கம். ஏறத்தாழ 380 மீட்டர் கீழே மேல் ஆழியாறு நீர்த்தேக்கம். மின்தேவை மிகும்போது நீர் கீழே பாய்ந்து மின்சாரம் தருகிறது. மின்சாரம் உபரியாக உள்ள நேரத்தில் அதே இயந்திரங்கள் பம்பாக மாறி, நீரை மேலே ஏற்றுகின்றன. தலா 100 மெகாவாட் திறனுள்ள நான்கு இயந்திரங்கள் அங்கு உள்ளன.

இதில் லாபம் இல்லை என்பதையும் கவனியுங்கள். இத்தகைய நிலையங்களில் பொதுவாக 4 யூனிட் செலவிட்டு நீரை ஏற்றினால், சுமார் 3 யூனிட்தான் திரும்பக் கிடைக்கும். ஆயினும் நண்பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தை இரவுக்குச் சேமித்து வைக்க இது நல்ல வழியாகும்.

அப்படியானால் விவசாயி சொன்னது தவறா?

முழுவதும் தவறல்ல! மழைக்கால வெள்ளம் மலையிலிருந்து வண்டலைச் சுமந்து வருகிறது. முன்பு அது வயல்களில் படிந்து நிலத்தை வளமாக்கியது. அணை கட்டினால் நீர் தேங்கி நிற்கிறது. ஓட்டம் நின்றதும் வண்டலில் பெரும்பகுதி அடியில் படிந்துவிடுகிறது. தெளிந்த நீரே வெளிவருகிறது. ஆகவே வயலுக்கு வரும் வளம் ஓரளவு குறைவது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் சுழலி அல்ல, தேக்கம். மின்சாரமே எடுக்காத அணையிலும் இது நடக்கும்.

படிந்த வண்டல் இன்னொரு தீங்கும் செய்கிறது. நீர் நிற்கவேண்டிய இடத்தில் மண் நிற்கிறது. தேங்கும் நீர் குறைந்தால் பாசனமும் குறையும், மின்சாரமும் குறையும். மலைச்சரிவில் காடும் புல்லும் இருந்தால் மண் அரிப்பு குறையும். இல்லையேல் ஒவ்வொரு மழையும் மலை மண்ணை அணைக்குள் கொண்டுவந்து கொட்டும். நீருக்கு உயரத்தைச் சூரியன் ஆண்டுதோறும் இலவசமாகக் கொடுக்கும். அந்த நீர் தங்குவதற்கு இடத்தைக் காத்துவைக்க வேண்டியவர்கள் நாம்தான்.