பத்தடிக் கடையில் இரண்டாயிரம் நிறங்கள்

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலோ அடையாறு எல்.பி. ரோட்டிலோ ஒரு நடுத்தரப் பெயிண்ட் கடை. முகப்பு பத்தடி இருந்தால் அதிகம். வாசலை ஒட்டி பட்டி மூட்டைகள். உள்ளே பிரஷ், ரோலர், உப்புத்தாள், தின்னர் கேன். கல்லாவின் மேல் விசிறிபோல் விரியும் ஒரு ஷேட் கார்டு. அதில் இரண்டாயிரத்தை நெருங்கும் நிறங்கள் உண்டு. எதைத் தொட்டுக் காட்டினாலும் பத்து நிமிடத்தில் டின்னில் கைக்கு வந்துவிடும். ஆனால் கடை முழுக்கத் தேடினாலும் அந்த நிறங்களில் பெரும்பாலானவை அலமாரியில் கிடைக்காது. அடுக்கியிருப்பவற்றில் பெரும்பகுதி வெள்ளையும், வெள்ளைகூட இல்லாத பால் நிறக் கூழும்தான்.

இந்த வித்தையைச் செய்வது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பீரோ அளவுக்கு நிற்கும் டின்டிங் மெஷின். கடைக்காரர்கள் ‘கலர் மெஷின்’ என்பார்கள். வியாபாரம் படுத்துவிட்ட காலங்களில் வீட்டுப் பராமரிப்புப் பொருள் விற்கும் கடைகள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்று கேட்டால், பதிலின் ஒரு பாதி இந்த இயந்திரத்துக்குள் இருக்கிறது.

வெள்ளையிலிருந்து எல்லாம்

இயந்திரத்தின் உள்ளே பன்னிரண்டு முதல் பதினாறு குடுவைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் செறிவான ஒரு நிறமி: மஞ்சள், காவி, சிவப்பு, நீலம், பச்சை, கருப்பு என்று. வாடிக்கையாளர் கேட்ட நிறத்தின் எண்ணைக் கணினியில் தட்டினால், எந்த நிறமி எத்தனை மில்லிலிட்டர் என்ற சூத்திரம் திரையில் வரும். டின்னின் மூடியில் துளை போட்டு முனைக்குக் கீழே வைத்தால், அளவு பிசகாமல் நிறமிகள் ஒவ்வொன்றாக இறங்கும். பிறகு துளையை அடைத்து, டின்னைக் குலுக்கும் பெட்டியில் இறுக்கிவிட்டால் இரண்டு மூன்று நிமிடங்களில் வேலை முடிந்தது.

நிறமி இறங்கும் அந்த வெள்ளைப் பெயிண்டுக்கு ‘பேஸ்’ என்று பெயர். அதை வெண்மையாக்குவது டைட்டானியம் டை ஆக்சைடு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவறாவிலும் கடற்கரை மணலிலிருந்து பிரிக்கிறார்களே இல்மனைட், அதுதான் இதற்கு மூலப்பொருள். வெளிர் நிறங்களுக்கான பேஸில் இது நிறைய இருக்கும். அடர் சிவப்போ கரு நீலமோ வேண்டுமானால் இந்த வெண்மை குறுக்கே நிற்கும். எவ்வளவு சிவப்பு ஊற்றினாலும் ரோஜா நிறத்தைத் தாண்டாது. அதனால் அடர் நிறங்களுக்கு வெண்மை குறைந்த பேஸும், மிக அடர்ந்தவற்றுக்கு வெண்மையே சேர்க்காத பேஸும் தனியாக உண்டு. ஒரு லிட்டர் டின்னில் பேஸ் முழு ஒரு லிட்டர் இருப்பதில்லை. நிறமிக்கு இடம் விட்டுத்தான் நிரப்பி அனுப்புகிறார்கள்.

பட்டுப்புடவையின் பார்டர் நிறம் வேண்டும் என்று துணியையே எடுத்து வருபவர்களுக்கும் வழி இருக்கிறது. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்ற கையடக்கக் கருவி அந்தத் துணியின் மேல் ஒளியைப் பாய்ச்சி, எந்த அலைநீளம் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும். அளவிலிருந்து நிறமிக் கலவையைக் கணக்கிடும் முறைக்கு அடித்தளம், 1931-ல் பால் குபெல்காவும் பிரான்ஸ் மங்க்கும் வெளியிட்ட சமன்பாடு. அப்படியும் கடை டியூப்லைட்டில் பொருந்திய நிறம் வீட்டு வெயிலில் வேறாகத் தெரிவதுண்டு. இரண்டு வேறு கலவைகள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றுபோலவும் இன்னொன்றில் வேறாகவும் தெரியும் இந்தக் குணத்துக்கு மெட்டமெரிசம் என்று பெயர். மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை.

தேங்காத சரக்கு

இயந்திரம் வருவதற்கு முன்னால் பெயிண்ட் கடை எப்படி நடந்தது? நிறங்களெல்லாம் தொழிற்சாலையிலேயே கலந்து டின்னில் வந்தன. ஒரு கணக்குப் போடலாம். ஒரே ஒரு ரக எமல்ஷனில் 40 நிறங்கள், ஒவ்வொன்றும் நான்கு அளவு டின்கள் என்றால், கடைக்காரர் 160 வகை டின்களுக்குப் பணம் போட வேண்டும். அதில் ஓடுவது தந்த நிறமும் வெளிர் மஞ்சளும். மீதி தூசி படிந்து கிடக்கும். எமல்ஷன் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் தாங்காது என்பதால், தேங்கிய டின் ஒவ்வொன்றும் மெல்லக் கரையும் முதல்.

மெஷின் வந்த பிறகு அதே கடையில் நான்கு வகை பேஸ், நான்கு அளவுகள்: மொத்தம் 16 வகை. நிறங்களோ நாற்பதிலிருந்து இரண்டாயிரமாகிவிட்டன. எந்த நிறம் விற்கும் என்று கடைக்காரர் இனி ஊகிக்க வேண்டியதில்லை. இந்த மாதம் மொத்தம் எத்தனை டின் போகும் என்று மட்டும் கணித்தால் போதும். நாற்பது தனித்தனி ஊகங்களைவிட ஒரு மொத்த ஊகம் தவறும் வாய்ப்பு குறைவு. சரக்கின் இறுதி உருவத்தை வாடிக்கையாளர் வாய் திறக்கும்வரை தள்ளிப்போடுவது என்று இதைச் சுருக்கலாம்.

1990களில் ஜென்சன் அண்ட் நிக்கல்சன் நிறுவனத்தின் ‘இன்ஸ்டாகலர்’ இந்த முறையை இந்தியக் கடைகளுக்குக் கொண்டுவந்தது. ஏஷியன் பெயின்ட்ஸ், பெர்ஜர், நெரோலாக் எல்லாம் இந்தப் பாதைக்கு வந்தன. 1942-ல் மும்பையில் தொடங்கிய ஏஷியன் பெயின்ட்ஸ் இன்னொரு பக்கத்திலிருந்தும் சரக்கைக் குறைத்தது. மொத்த வியாபாரிகளை நம்பாமல் நேரடியாகக் கடைகளுக்கே சப்ளை செய்து, 1970களிலேயே கணினி வைத்து விற்பனையைக் கணித்து, பெரிய ஊர்களில் ஒரே நாளில் பல தடவை வண்டி அனுப்பும் அளவுக்கு விநியோகத்தைப் பழக்கியது. சரக்கு மதியமே வந்துவிடும் என்றால் பத்தடிக் கடைக்குத் தனிக் கிடங்கு வாடகை மிச்சம்.

தி. நகர்க் கடைகளுக்கு மந்தத்தைச் சமாளிக்க வேறு வழி தெரியும். ஆடியில் யாரும் நல்ல காரியம் வைப்பதில்லை, விற்பனை விழும், அதையே தள்ளுபடி மாதமாக்கி உஸ்மான் சாலையை நிரப்பிவிட்டார்கள். 1965-ல் மயிலாப்பூரில் தொடங்கிய விவேக்ஸ், ஜனவரி முதல் தேதித் தள்ளுபடியால் மிக்ஸிக்கும் ஃபிரிட்ஜுக்கும் வரிசையில் நிற்க வைத்தது. பெயிண்டுக்கு இது ஓடாது. விலை குறைந்தது என்பதற்காக யாரும் நான்கு வாளி வாங்கிப் பரணில் போடுவதில்லை. சுவர் கேட்கும்போதுதான் பெயிண்ட் விற்கும்.

புது வீடும் பழைய சுவரும்

சுவர் எப்போது கேட்கும் என்பதில்தான் இந்த வியாபாரத்தின் பலம் இருக்கிறது. இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயிண்டில் சுமார் முக்கால் பங்கு, ஏற்கெனவே கட்டிய வீடுகளுக்கு மறுபடி அடிக்கத்தான் போகிறது. அடுக்குமாடி விற்பனை நின்றால் சிமென்ட், கம்பி, டைல்ஸ் கடைகள் உடனே துவண்டுவிடும். பெசன்ட் நகர் உப்புக் காற்றோ மந்தம் பார்த்து வீசுவதில்லை. வெளிச்சுவர் வெளுக்கும், விரிசல் விடும், மழைக்குப் பிறகு உப்புப் பூக்கும். வீட்டுக்காரர் ஒரு பொங்கலைத் தள்ளிப்போடலாம், இரண்டைத் தள்ளிப்போடலாம், பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் அடித்தே ஆக வேண்டும்.

உலகின் மிகப் பெரிய வீட்டுப் பராமரிப்புக் கடைச் சங்கிலியான அமெரிக்காவின் ஹோம் டிப்போ கற்றதும் இதுதான். 2006-ல் 9,000 கோடி டாலரைத் தொட்ட அதன் ஆண்டு விற்பனை, வீட்டுச் சந்தை சரிந்தபின் 2009-ல் ஏறக்குறைய 6,600 கோடிக்கு இறங்கியது. இடையில் எச்.டி. சப்ளை என்ற மொத்த விநியோகப் பிரிவை விற்றதும் இந்தச் சரிவில் அடக்கம். 2007-ல் தலைமைக்கு வந்த பிராங்க் பிளேக் புதுக் கடை திறக்கும் ஓட்டத்தை நிறுத்தினார். 2008 மே மாதம் திட்டத்திலிருந்த 50 கடைகளைக் கைவிட்டு, நடந்துகொண்டிருந்த 15 கடைகளை மூடினார். 2009 ஜனவரியில் ஆடம்பரச் சமையலறையும் குளியலறையும் விற்ற ‘எக்ஸ்போ’ கடைகள் மூடப்பட்டன; மொத்தம் 7,000 பேருக்கு வேலை போனது. மிச்சமானது குழாய் வாஷர், பெயிண்ட், பல்பு, ஆணி போன்ற அன்றாடச் சரக்கு. அதைச் சிக்கனமாகக் கொண்டுசேர்க்க விநியோக மையங்களை அமைத்தார்கள். அதுவரை பெரும்பாலான சரக்கை உற்பத்தியாளர்கள் ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியே அனுப்பினார்கள். இப்போது பல கடைகளின் தேவை ஓரிடத்தில் சேர்ந்து, அங்கிருந்து பிரிந்தது. நாற்பது ஊகத்தை ஒன்றாக்கிய கலர் மெஷினின் தந்திரமேதான், அளவு மட்டும் பெரிது.

அதே ஹோம் டிப்போ சீனாவில் தோற்றது. 2006-ல் 12 கடைகளை வாங்கி நுழைந்து, 2012-ல் எஞ்சிய ஏழு பெரிய கடைகளையும் மூடியது. வீட்டுக்காரரே பிரஷ் எடுக்கும் பழக்கம் அங்கு இல்லை. சென்னையிலும் இல்லை. இங்கே கடைக்கு உண்மையான வாடிக்கையாளர் பெயிண்டர். எந்தக் கம்பெனி, எத்தனை கோட்டிங், பட்டி எத்தனை மூட்டை என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். அதனால்தான் கம்பெனிகள் வாளிக்குள் பெயிண்டருக்கென்று டோக்கன் போட்டன. இன்று அதன் இடத்தைப் போனில் ஸ்கேன் செய்யும் குறியீடு பிடித்துவருகிறது. மந்தமான மாதத்தில் பெயிண்டருக்கு ஒரு வாரம் கடன் தருகிற கடைக்குத்தான் அடுத்த பெரிய வேலை வரும்.

அடி மேல் அடி

சென்னைக் கடைகளுக்குச் சோதனை அடுத்தடுத்து வந்தது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளுக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்ததும் பெயிண்ட் ஓடும் என்று நினைப்போம். ஊறிய சுவர் காயாமல் அடித்தால் கொப்பளித்து உரியும். வாரக்கணக்கில் காத்திருந்து, உப்பைச் சுரண்டி, பிரைமர் அடித்த பின்தான் நிறம். 2016 நவம்பர் 8 பணமதிப்பிழப்பு அறிவிப்பு, தினக்கூலியில் ஓடும் பெயிண்டர் வேலையை நேரடியாக அடித்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பெயிண்டுக்கு 28 சதவீதம். ஓராண்டு கழித்துத்தான் 18 ஆனது.

2020 மார்ச் 25-ல் பொதுமுடக்கம். அந்த ஏப்ரல்-ஜூன் காலாண்டில் ஏஷியன் பெயின்ட்ஸின் வருவாயே முந்தைய ஆண்டைவிட 43 சதவீதம் குறைந்தது. கலர் மெஷினுக்கும் அது கெட்ட காலம். குடுவையில் நிறமி அடியில் தங்காதபடி தினமும் கிளறிவிட வேண்டும். முனையில் உலர்ந்தால் அளவு பிசகும். வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் பூட்டிக் கிடப்பது அதற்கு ஆகாது. கடைகள் திறந்து சில மாதங்களில் தேவை திரும்பியது. வீட்டிலேயே அடைந்து கிடந்தவர்கள் தங்கள் சுவரை முதன்முறையாக உற்றுப் பார்த்திருப்பார்கள்.

அண்மைய மந்தம் வேறு மாதிரி. 2024-25-ல் நகரத் தேவை சுணங்க, ஏஷியன் பெயின்ட்ஸின் ஆண்டு வருவாய் சுமார் 4.5 சதவீதம் சரிந்தது. அதற்குச் சற்று முன், 2024 பிப்ரவரியில், 10,000 கோடி ரூபாய் முதலீட்டோடு பிர்லா ஓபஸ் களத்தில் இறங்கியிருந்தது. அதன் ஆறு ஆலைகளில் ஒன்று செய்யாறில் இருக்கிறது. கடைகளைப் பிடிக்க அது கையில் எடுத்த ஆயுதம் கலர் மெஷினேதான். பல கடைக்காரர்களுக்கு இயந்திரத்தை இலவசமாகவே தந்தது. முன்பு கம்பெனிகள் விளம்பரத்தில் மோதின. இப்போது பத்தடிக் கடையில் இரண்டாவது மெஷினுக்கு நான்கு சதுர அடி கிடைக்குமா என்பதில் மோதுகின்றன. பிர்லா ஓபஸின் தாய் நிறுவனமான கிராசிம் தந்த புகாரின்பேரில், 2025 ஜூலையில் இந்தியப் போட்டி ஆணையம் ஏஷியன் பெயின்ட்ஸ் மீது விசாரணைக்கு உத்தரவிட்டது.

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறவர்களுக்கு இரண்டு சொல். நிறத்தைக் கடை வெளிச்சத்தில் முடிவு செய்யாமல், சிறிய டின் ஒன்றைக் கலக்கச் சொல்லி உங்கள் சுவரில் பகல் வெளிச்சத்தில் அடித்துப் பாருங்கள். கலந்த பெயிண்டைக் கடை திருப்பி எடுக்காது. வேலை முடிந்ததும் டின் மூடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்து வையுங்கள். நிற எண்ணும் பேஸும் அதில் இருக்கும். மூன்று ஆண்டு கழித்துக் கை இறுக்கமாக இருக்கும்போது, அழுக்கான ஒரு சுவருக்கு மட்டும் அதே நிறத்தில் ஒரு லிட்டர் வாங்கிக்கொள்ளலாம்.