ஏழு பெற்றாளாம் ஆத்தா!

இராசபாளையத்தில் கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நின்றோம். பஞ்சாலைத் தோழர் ஒருவர் நம்மை மடக்கினார். அவர் துணைவியார் மூன்று மாதக் கர்ப்பிணி. சோதனைக்கு வரச் சொல்லிச் செவிலியர் வீட்டுக்கே வந்து போயிருக்கிறார்.

"அண்ணே, எங்க ஆத்தா ஏழு பெத்தா. எந்த டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தாரு? ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு வரிசையில போய் நிக்கணுமா?" என்றார்.

"பெற்றது ஏழு, சரி. இருப்பது எத்தனை, தோழரே?" என்றோம்.

கோப்பை வாய்க்குப் போகாமல் நின்றது. "நாலு" என்றார்.

மண்ணுக்குக் கொடுத்த மூன்றை மறந்தோம். பெற்ற ஏழை மட்டும் பெருமையாக எண்ணுகிறோம்! விதி என்றோம், கண்ணேறு என்றோம். பேறுகாலத்தில் வலிப்பு வந்தால் பேய் என்று வேப்பிலை அடித்தோம். அது பேயல்ல, தோழர்களே! ஏறிப்போன இரத்த அழுத்தம். கையில் பட்டையைச் சுற்றி இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம்!

ஒரு துளி இரத்தம் என்னவெல்லாம் சொல்கிறது? இரத்தச் சிவப்புச் சத்து 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை. இரும்புச் சத்து மாத்திரை உண்டு. மேகநோய் இருந்தால் பென்சிலின் ஊசி உண்டு. காணாமல் விட்டால் பிள்ளை செத்தே பிறக்கக்கூடும். தாய்க்கு மஞ்சள் காமாலை 'பி' கிருமி இருந்தால், பிறந்த 24 மணி நேரத்துக்குள் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டுக் காக்கலாம்.

பால்கோவாவுக்குப் பெயர் பெற்ற திருவில்லிபுத்தூர்த் தோழர்களுக்குச் சர்க்கரையைப் பற்றி நாம் சொல்ல வேண்டுமா? கருவுற்ற காலத்தில் மட்டும் தலைகாட்டும் சர்க்கரை நோய் உண்டு. 75 கிராம் குளுக்கோசைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் பார்ப்பார்கள். அளவு 140ஐத் தொட்டால் எச்சரிக்கை! வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. தொலைவிலிருந்து வரும் ஏழைப் பெண்ணை இரண்டாம் முறை அலைய விடாத இந்த எளிய வழிக்காக உழைத்தவர் சென்னை மருத்துவர் சேஷையா. 2007இல் தமிழக அரசு, கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் சர்க்கரைச் சோதனை என்று ஆணையிட்டது.

சோதனை என்ன செய்யும் என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி. 2018 டிசம்பரில் சாத்தூரில், சோகைக்காக ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது தெரிந்து நாடே பதறியது. இரத்தத்தைச் சோதித்ததில் நேர்ந்த தவறு அது; மன்னிக்க முடியாத தவறு! ஆனால் அடுத்து நடந்ததையும் பாருங்கள். நோய் தெரிந்ததும் மருந்து தொடங்கினார்கள். 2019 ஜனவரியில் மதுரையில் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னர் சோதனை சொன்னது. சோதனை தவறிய இடத்தில் நோய் நுழைந்தது; சோதனை விழித்த இடத்தில் நோய் நின்றது!

ஆண் தோழர்களுக்கு இரண்டு சொல். மருத்துவர் கேட்டால் உங்கள் இரத்தத்தையும் கொடுங்கள். நோயைக் கொண்டுவந்தவன் வெளியே நிற்க, சுமப்பவள் மட்டும் ஊசி குத்திக்கொள்வது நீதியா? இன்னொன்று, ஸ்கேன் எடுப்பது பிள்ளையின் நலம் அறிய. ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது குற்றமே!

12 வாரத்துக்குள் பதிவு செய்யுங்கள். அரசு மருத்துவமனையில் இதற்குக் காசில்லை. வரிசை நீள்கிறதா, ஆள் இல்லையா? கேளுங்கள், கூடிக் கேளுங்கள். அது பிச்சை அல்ல, உரிமை!

இராசபாளையம் வட்டாரத்துத் தறிகள் ஊரார் காயத்துக்கெல்லாம் கட்டுத்துணி நெய்து அனுப்புகின்றன. காயம் பட்ட பின் கட்டத் தெரிந்த கைகளுக்கு, படுமுன் காக்கத் தெரியாதா?

தேநீர்க் கடைத் தோழர் விடைபெறும்போது கேட்டார்: "எத்தனை மணிக்கண்ணே போகணும்?"

காலையிலேயே, தோழரே! அவரோடு நீங்களும் போங்கள்.