தளர்ந்த தசையும் மின்துடிப்பும்

நுழையும்முன்

நடக்க நடக்கத்தான் கால் வலுப்பெறும். நடக்கவே இயலாதவருக்கு அவ்வலிமை எங்கிருந்து வரும்? இவ்வினாவுக்கு விடை தேடிய மருத்துவ அறிவியல், மின்சாரத்தின் துணையை நாடியது. தவளையின் காலில் தொடங்கிய அத்தேடல் இன்று நோயாளரின் தொடைத் தசைவரை வந்துள்ளது. அத்தேடலின் வரலாற்றையும், அதன் பயனை ஆராய்ந்து அறிந்த முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

தேயும் தசை

மனித உடலில் 600-க்கும் மேற்பட்ட எலும்புத் தசைகள் உள்ளன. நிற்றல், நடத்தல், எழுதுதல், எடுத்தல் ஆகிய செயல்கள் யாவும் அவற்றால் நிகழ்கின்றன. தசைக்கு ஓர் இயல்பு உண்டு. உழைக்க உழைக்க அது வளரும், ஓய்ந்திருந்தால் தேயும். எலும்பு முறிவுக்காகச் சில வாரங்கள் மாவுக்கட்டு இடப்பட்ட கால், கட்டைப் பிரிக்கும்போது மற்றொரு காலைவிட மெலிந்திருப்பதைப் பலரும் கண்டிருப்பர்.

கடும் நோயில் இத்தேய்வு இன்னும் விரைவாக நிகழும். இலண்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தோரிடம் ஓர் ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. 2013-ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வின்படி, பத்தே நாள்களில் அவர்களுடைய தொடைத் தசையின் குறுக்குவெட்டுப் பரப்பு சராசரியாக ஏறத்தாழ 18 விழுக்காடு குறைந்திருந்தது. உயிர் பிழைத்து வீடு திரும்பியவரும் எழுந்து நிற்கத் தடுமாறுவதற்கு இத்தேய்வும் ஒரு காரணமாகும்.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உடையோரின் நிலையும் இத்தகையதே. சிறிது தொலைவு நடந்தாலும் அவர்களுக்கு மூச்சு வாங்குகிறது. அதற்கு அஞ்சி அவர்கள் நடப்பதைக் குறைத்துக்கொள்கின்றனர். நடை குறையக் குறையத் தொடைத் தசை மெலிகிறது. மெலிந்த தசை விரைவில் களைப்படைவதால், முன்னினும் குறைந்த தொலைவிலேயே மூச்சு வாங்குகிறது. இச்சுழலிலிருந்து மீள உடற்பயிற்சியே சிறந்த வழி. ஆயினும், நோய் முற்றியவர்களுக்கு அவ்வழியே அடைபட்டுப் போகிறது. பயிற்சி தேவைப்படுவோரே பயிற்சி செய்ய இயலாதோராக இருக்கும் இம்முரணே மருத்துவர்களைப் புதிய வழி தேடத் தூண்டியது.

தவளைக் காலில் தோன்றிய அறிவு

தசைக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவை உலகறியச் செய்தவர் இத்தாலி நாட்டின் பொலோஞா நகரைச் சேர்ந்த லூயிஜி கால்வானி என்னும் உடற்கூற்றியல் அறிஞர் ஆவார். அறுத்து வைக்கப்பட்ட தவளையின் கால், மின்பொறி தோன்றும்போது துள்ளியதை அவர் கண்டார். பல்லாண்டுகள் ஆய்வுசெய்து, 1791-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். விலங்குகளின் உடலிலேயே மின்சாரம் உறைகிறது என்பது அவர்தம் கருத்து.

அதே நாட்டைச் சேர்ந்த அலெசாண்ட்ரோ வோல்டா இக்கருத்தை மறுத்தார். தவளையின் காலைத் தொட்ட இருவேறு உலோகங்களே மின்சாரத்தைத் தோற்றுவித்தன என்றார். அதனை மெய்ப்பிக்க முயன்றதன் பயனாக 1800-ஆம் ஆண்டில் மின்கல அடுக்கு பிறந்தது. பிற்கால ஆய்வுகள், இருவர் கூற்றிலும் உண்மை உண்டு எனக் காட்டின. இருவேறு உலோகங்கள் மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கும் என்பதும் உண்மை. நரம்பும் தசையும் மின்மாற்றங்களாலேயே இயங்குகின்றன என்பதும் உண்மை.

பிரெஞ்சு மருத்துவர் டூஷேன் இவ்வறிவை நோயாளரிடம் கொண்டு சேர்த்தார். அதற்கு முன்பு ஊசியைத் தசைக்குள் செலுத்தி மின்சாரம் பாய்ச்சும் வழக்கம் இருந்தது. அவரோ, ஈரமாக்கப்பட்ட மின்முனைகளைத் தோலின்மேல் வைத்தே தனித்தனித் தசைகளை இயக்கலாம் எனக் கண்டறிந்தார். அவர்தம் நூல் 1855-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

1961-ஆம் ஆண்டில் லிபர்சனும் அவர்தம் குழுவினரும் மேலும் ஒரு படி முன்னேறினர். பக்கவாதத்தால் பாதத்தைத் தூக்க இயலாதவர்களுக்கு, காலணியின் குதிகாலில் ஒரு விசையைப் பொருத்தினர். குதிகால் தரையைவிட்டு எழும்போது மின்துடிப்பு நரம்பைத் தூண்டிப் பாதத்தை உயர்த்தும். குதிகால் தரையைத் தொட்டதும் துடிப்பு நின்றுவிடும். இதனால் கால்விரல்கள் தரையில் இழுபடாமல் நடக்க முடிந்தது.

தெரிந்து தெளிவோம்

மின்சாரம் இன்னதென்று அறியப்படுவதற்கு முன்பே மின்னதிர்ச்சி மருத்துவத்தில் பயன்பட்டுள்ளது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கும் கீல்வாத வலிக்கும் மின்திருக்கை மீனின் அதிர்ச்சியைப் பரிந்துரைத்தார்.

மின்துடிப்பு செயற்படும் முறை

இயல்பாக நாம் காலை நீட்ட எண்ணும்போது மூளையிலிருந்து கட்டளை பிறக்கிறது. அது தண்டுவடத்தின் வழியாக இறங்கி, இயக்க நரம்பினூடே தசையை அடைகிறது. தசை சுருங்குகிறது, கால் நீள்கிறது. மின்தூண்டல் கருவி இப்பாதையின் கடைசிப் பகுதியில் குறுக்கிடுகிறது. தோலின்மேல் ஒட்டப்படும் மின்முனைகள் வழியே பாயும் துடிப்பு, தசைக்குச் செல்லும் நரம்பைத் தூண்டுகிறது. மூளை ஆணையிடாமலேயே தசை சுருங்குகிறது.

நொடிக்கு ஒன்றிரண்டு துடிப்புகள் எனில் தசை தனித்தனியாகத் துள்ளும். துடிப்புகள் நொடிக்கு 20 முதல் 50 வரை அமையும்போது அத்துள்ளல்கள் ஒன்றிணைந்து, இடைவிடாத சுருக்கமாக மாறும். சில நொடிகள் சுருக்கம், பின்னர்ச் சில நொடிகள் ஓய்வு என மாறிமாறி இயக்கும்போது தசை பயிற்சி பெறுகிறது. பெரிய அளவில் மூச்சு வாங்காமல், நாற்காலியில் அமர்ந்தபடியே இப்பயிற்சியைப் பெறலாம் என்பதே இதன் சிறப்பு.

இம்முறைக்குக் குறையும் உண்டு. நாமே தசையை இயக்கும்போது, எளிதில் களைக்காத சிறிய இயக்க அலகுகள் முதலில் செயற்படும். தேவை மிகும்போதே பெரியவை துணைக்கு வரும். மின்துடிப்பு இவ்வொழுங்கைப் பின்பற்றுவதில்லை. மின்முனையின் அருகிலுள்ளவற்றை அது ஒருங்கே தூண்டுவதால் தசை விரைவில் களைக்கிறது. ஆதலால், துடிப்பின் அளவையும் ஓய்வின் அளவையும் நோயாளருக்கேற்ப இயன்முறை மருத்துவர் வகுக்க வேண்டியுள்ளது.

பயனை எவ்வாறு அறிவது?

மின்துடிப்பால் தசை சுருங்குவதைக் கண்ணால் காணலாம். ஆனால், அதனால் நோயாளர் நலம் பெறுகிறாரா என்பது வேறு வினா. சிகிச்சை பெற்ற ஒருவர் முன்னினும் நன்றாக நடந்தால், அதற்குச் சிகிச்சையே காரணம் என உடனே முடிவுகட்ட இயலாது. நோயின் இயல்பான ஏற்றத்தாழ்வு, நலம் பெறுவோம் என்னும் நம்பிக்கை, நடைச் சோதனையில் ஏற்பட்ட பழக்கம் ஆகியனவும் காரணமாகலாம். இவற்றைப் பிரித்தறியவே ஒப்பீட்டு ஆய்வு தேவைப்படுகிறது.

2016-ஆம் ஆண்டில் வெளியான பிரித்தானிய ஆய்வு இதற்குத் தக்க சான்றாகும். நுரையீரல் அடைப்பு நோய் முற்றிய 52 பேர் அதில் பங்கேற்றனர். சமவாய்ப்பு முறையில் அவர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினரின் தொடைத் தசைகளுக்கு நாள்தோறும் 30 நிமிடங்கள் என ஆறு வாரங்கள் மின்தூண்டல் அளிக்கப்பட்டது. மற்றக் குழுவினருக்கும் அதேபோன்ற கருவியே தரப்பட்டது. ஆயினும், அதன் துடிப்பு தசைக்குப் பயன் தராத அளவுக்கு வலிமை குறைந்ததாக இருந்தது. எவருக்கு எது கிடைத்தது என்பது நோயாளருக்கும் தெரியாது. பயனை அளந்தோருக்கும் தெரியாது. விருப்பு வெறுப்பு அளவீட்டில் கலவாதிருக்க இம்மறைப்பு வேண்டப்பட்டது.

ஆறு நிமிடங்களில் ஒருவர் எவ்வளவு தொலைவு நடக்கிறார் என்பதே அளவுகோல். ஆறு வாரங்களுக்குப் பின், மின்தூண்டல் பெற்றோரின் நடைத்தொலைவு சராசரியாக ஏறத்தாழ 30 மீட்டர் கூடியிருந்தது. மற்றக் குழுவினருடையதோ ஏறத்தாழ 6 மீட்டர் குறைந்திருந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு ஏறத்தாழ 36 மீட்டர். ஓடியாடித் திரியும் இளையோருக்கு இது சில நொடித் தொலைவு. மூச்சுக்குப் போராடும் ஒருவருக்கோ, பிறர் துணையின்றிப் படுக்கையிலிருந்து வாயில்வரை சென்று திரும்பும் உரிமை.

அவ்வாய்வு மற்றோர் உண்மையையும் மறைக்காமல் கூறியது. சிகிச்சையை நிறுத்திய பின்னர் அப்பயன் படிப்படியாகக் குறைந்தது. உழைப்பு நின்றால் தசை தேயும் என்னும் இயற்கை விதி, மின்சாரத்தால் பெற்ற வலிமைக்கும் பொருந்தும்.

ஓர் ஆய்வின் முடிவை மட்டும் கொண்டு மருத்துவ உலகம் அமைவதில்லை. முற்றிய நுரையீரல் நோய், இதயச் செயலிழப்பு, புற்றுநோய் ஆகியவற்றால் தசை தளர்ந்தோரிடம் நடத்தப்பட்ட 18 ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு அதே ஆண்டில் தொகுத்து மதிப்பிட்டது. அவற்றில் 933 பேர் பங்கேற்றிருந்தனர். மின்தூண்டல் தசை வலிமையைக் கூட்டக்கூடும் என அத்தொகுப்பு கூறியது. எனினும், கிடைத்த சான்றுகளின் தரம் குறைவு என்பதையும் சேர்த்தே சொன்னது. சாதகமான முடிவையும் அதன் வரம்பையும் ஒருங்கே உரைப்பதே அறிவியலின் நேர்மை.

விளம்பரமும் விழிப்பும்

எந்நல்ல கண்டுபிடிப்பையும் பொய்யான வாக்குறுதியுடன் விற்க முனைவோர் உண்டு. உழைப்பே இன்றி உடல் கட்டமையும், எடை குறையும் எனக் கூறி மின் இடுப்புப்பட்டைகள் விற்கப்பட்டன. அத்தகைய விளம்பரங்களைச் செய்த நிறுவனங்கள்மீது அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 2002-ஆம் ஆண்டில் நடவடிக்கை மேற்கொண்டது. தளர்ந்த தசைக்குத் துணையாக ஆராயப்பட்ட ஒன்றை, சோம்பலுக்குத் துணையாக விற்பது அறமன்று.

மேலும், இக்கருவியை எல்லாரும் பயன்படுத்தலாகாது. பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டோர் மருத்துவரின் ஒப்புதலின்றி இதனைப் பயன்படுத்துதல் கூடாது. கருவுற்ற மகளிரின் வயிற்றுப் பகுதியிலும், கழுத்தின் முன்புறத்திலும், புண்பட்ட தோலிலும் மின்முனைகளை வைத்தல் கூடாது. நரம்பு முற்றிலும் அறுபட்ட தசைக்கு வழக்கமான மின்துடிப்பு பயன் தராது.

நடக்க இயன்றவருக்கு நடையே மருந்து. அதற்கு மாற்றாக எக்கருவியும் வரவில்லை. நடக்க இயலாதவரை நடக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, பயிற்சி என்னும் அடைபட்ட வழியைத் திறந்துவிடுவதே மின்துடிப்பின் பணி. திறந்த வழியில் தொடர்ந்து நடக்க வேண்டியவர் அவரே.