சேவையகத்துக்குப் புதிய வட்டு

பூண்டி முதலிய பழைய ஏரிகள் சென்னைக்குப் போதாமையால், 2020-இல் கும்மிடிப்பூண்டியருகே கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் திறக்கப்பெற்றது. கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. அவ்வட்டாரத்து ஆலைகளின் வரைபடங்களையும் கணக்குகளையும் தாங்கும் சேவையகக் கணினியும் இவ்வாறே ஒருநாள் நிரம்பிவிடும்.

புதிய வட்டைச் செருகினால் மட்டும் போதுமோ? வாய்க்கால் வெட்டாத ஏரியன்றோ அது! லினக்ஸ் முறையில், அதனைப் பழைய வட்டிருக்கும் தொகுதியிற் சேர்த்து, கோப்புகள் தங்கும் பகுதியை நீட்டி, இறுதியாகக் கோப்பமைப்பையும் விரிக்கவேண்டும். கடைசிப் படியை விட்டால் பழைய அளவே தோன்றும். வட்டுப் பழுதென்று பலர் மயங்குவது இங்கேதான்.

ஏரிக்கும் வட்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஓர் ஏரி உடைந்தால் மற்றதன் நீர் நிற்கும். வெறுமனே பிணைத்த இரு வட்டுகளில் ஒன்று பழுதுற்றாலோ, மற்றதிலுள்ள கோப்புகளும் சிதையக்கூடும். ஆதலின் வேலையைத் தொடங்குமுன் யாவற்றையும் வேறிடத்தில் நகலெடுத்து, அந்நகல் திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வர் அனுபவசாலிகள்.