ஆமைக்கு எண்ணெய் தடவலாமா?

வீட்டுத் தொட்டியில் ஒரு குட்டி ஆமை. அதன் கழுத்திலும் காலிலும் தோல் வெள்ளையாக உரிகிறது. பிள்ளைகள் பயந்து விட்டார்கள்.

"தோல் வறண்டு போச்சு. தேங்காய் எண்ணெய் தடவுங்க" என்கிறார் ஆச்சி.

தடவலாமா? கூடாது!

நோய் அல்ல

பாம்பு, சட்டையை முழுதாக உரிக்கும். தண்ணீர் ஆமை, தோலைத் துணுக்குத் துணுக்காக உதிர்க்கும். வளரும் ஆமைக்கு இது இயற்கை. பிய்த்து இழுத்தால் புண்ணாகும். எண்ணெய் தடவினால் அழுக்கு ஒட்டும். தண்ணீரும் கெடும்.

கழுவும் முறை

குழாய்த் தண்ணீரில் குளோரின் மருந்து இருக்கும். அதை ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். தனிச் சட்டியில், ஆமையின் தலை மூழ்காத அளவு தண்ணீர் ஊற்றுங்கள். மெத்தென்ற பல் துலக்கும் பிரஷால் ஓட்டை மெதுவாகத் தேயுங்கள். தோலை ஈரத் துணியால் ஒற்றினால் போதும். சோப்பு வேண்டாம். சமையல் பாத்திரமும் வேண்டாம்.

வேலை முடிந்ததும் உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆமையின் மேல் சால்மோனெல்லா என்னும் கிருமி இருக்கலாம். இதற்குப் பயந்துதான் அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க 1975-ல் தடை போட்டார்கள். சிறு குழந்தைகளைத் தொட விடாதீர்கள்.

வெயிலே மருந்து

ஆமை ஏறி உட்காரத் தொட்டியில் ஒரு கல் வையுங்கள். உடம்பு நன்றாகக் காய வேண்டும். காலை இளவெயில் ஓட்டுக்கு வலுத் தரும். பக்கத்தில் நிழலும் வேண்டும். கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைக்காதீர்கள். தண்ணீர் சுட்டு, ஆமை செத்துப் போகும்!

தோல் சிவந்தாலோ, நாறினாலோ, பஞ்சு போல் படர்ந்தாலோ, ஓடு மெத்தென்று ஆனாலோ அது நோய். உடனே கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். நெல்லை இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஆற்றில் விடாதீர்கள்

கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால், அது அமெரிக்க ஆமை. உள்ளங்கை அளவில் வாங்குவது, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும். 20 ஆண்டுக்கு மேலும் வாழும். இடம் போதவில்லை என்று தாமிரபரணியிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். நம் ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும். வளர்க்க முடியாவிட்டால் வனத்துறையிடம் யோசனை கேளுங்கள்.

வயல் கிணற்றிலும் குளத்திலும் கிடக்கும் பால் ஆமையோ நம் ஊர்ச் சொத்து. 1972-ம் ஆண்டு வன உயிர்ச் சட்டம் அதைக் காக்கிறது. அதைப் பிடித்து வந்து வளர்ப்பது குற்றம்.

அதற்குத் தொட்டி வேண்டாம், பிரஷும் வேண்டாம். அதைக் குளிப்பாட்டத் தாமிரபரணித் தண்ணீர் இருக்கிறது!